அவசரத்தை ஒழித்த உலாவி

2004-இல் இந்தியாவுக்கு வந்த பிளாக்பெர்ரி, அலுவலகப் பெருமக்களுக்கென்றே பிறந்த கைபேசி. அதன் இணைய உலாவி, அவசரம் என்னும் நோயை வேரோடு பிடுங்கியது. சென்னைப் புறநகரான பட்டாபிராமில் மின்சார ரயில் ஏறி முகவரியைத் தட்டினால், ஆவடியில் தலைப்பு, அம்பத்தூரில் பாதிப் படம், வில்லிவாக்கத்தில் சிக்னல் போய் மறுபடி முதலிலிருந்து. நடுவே குட்டி டிராக்பாலை உருட்டி உருட்டிக் கட்டைவிரலுக்கும் தேகப்பயிற்சி. தமிழ் நாளிதழைத் திறந்தால் வரிக்கு வரி வெறும் கட்டங்கள். கெட்ட செய்தி எதுவும் கண்ணில் படாது. நிம்மதி.

பட்டாபிராமிலேயே 2024-இல் 21 மாடி டைடல் பார்க் என்னும் தகவல் தொழில்நுட்ப வளாகம் திறந்தாயிற்று. இப்போது பக்கம் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடுகிறது. குக்கீக்குச் சம்மதம், அறிவிப்புக்கு அனுமதி, செயலியை நிறுவச் சொல்லும் வேண்டுகோள், மூன்று விளம்பரம் எல்லாவற்றையும் மூடி முடிப்பதற்குள் ரயில் சென்னை சென்ட்ரலில்.