பிளாட்டினத்தார்

தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பகலில் ஐ.டி. வேலை, இரவில் பிளேஸ்டேஷன். பட்டினத்தார் துறந்தது செல்வத்தை. இவர் துறந்தது தூக்கத்தை. வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று ஒரு கேமில் உள்ள கோப்பைகளை எல்லாம் வாங்கி முடித்தால் கடைசியில் ஒரு பிளாட்டினம் விழும். அதற்காகத்தான் இந்தத் தவம்.

“கேம் எப்படிண்ணே?” என்று கேட்டுப் பாருங்கள். கதை, சண்டை, இசை பற்றி ஒரு வார்த்தை வராது. “62 பர்சென்ட்” என்பார்.

ஆட உட்காரும்போதே மடியில் போன் திறந்திருக்கும். எந்தக் கோப்பையைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும் என்ற பட்டியல் அதில் ஓடும். கதாநாயகனின் அப்பா உயிரை விடுகிற காட்சி வரும்; நமக்குத் தொண்டை அடைக்கும். இவர் கண் திரையின் மூலையிலேயே இருக்கும், ‘டிங்’ வந்ததா என்று. வந்துவிட்டால் அப்பாவின் ஆத்மா சாந்தியடைந்ததாக அர்த்தம்.

ஜிடிஏ 4-இல் ஊர் முழுக்க 200 புறாக்களை ஒளித்துவைத்திருக்கிறார்கள். அத்தனையையும் சுட்டால் ஒரு கோப்பை. மாஃபியா, வங்கிக் கொள்ளை எல்லாம் ஓரமாகக் கிடக்க, நம்மவர் பாலத்துக்கு அடியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். பின்னாலிருந்து அம்மாவின் குரல் வரும்: “நம்ம ஏசி மேல புறா குடும்பமே நடத்துது. அதை விரட்டச் சொன்னா நேரம் இல்ல, எந்த ஊர்ப் புறாவையோ சுட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்!”

இந்தப் பைத்தியம் பழசு. 1982-இல் வந்த பிட்ஃபால் கேமில் 20,000 புள்ளி எடுத்து, டிவி திரையை போட்டோ பிடித்துத் தபாலில் அனுப்பினால், அந்தக் காலத்தில் ஆக்டிவிஷன் கம்பெனி ஒரு துணி பேட்ஜ் அனுப்பிவைக்கும். அதையாவது சட்டையில் தைத்துக்கொள்ளலாம். 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்து எல்லா கேமுக்கும் புள்ளி போட ஆரம்பித்தது. 2008-இல் சோனியும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. எக்ஸ்பாக்ஸில் ‘அவதார்: தி பர்னிங் எர்த்’ என்று ஒன்று உண்டு. நின்ற இடத்தில் நின்று ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டிருந்தால் சில நிமிடத்தில் முழு 1000 புள்ளியும் கைக்கு வந்துவிடும். அதற்காகவே அதை வாங்கியவர்கள் உண்டு. வாங்கி, தட்டி, மூடிவைத்துவிட்டார்கள்.

பரிசு ஆசை என்ன செய்யும் என்று சோதிக்க, படம் வரையப் பிரியப்பட்ட சின்னப் பிள்ளைகளிடம் ‘வரைந்தால் சான்றிதழ்’ என்று ஆசைகாட்டிவிட்டு, பிற்பாடு சும்மா விட்டுப் பார்த்தார்கள். மற்றப் பிள்ளைகளைவிட அவர்கள் குறைவாகவே வரைந்தார்கள். 1973-இல் வெளியான அமெரிக்க ஆய்வு. இதை நம்மவரிடம் சொன்னேன்.

“அந்த சர்டிபிகேட் ரேரா?” என்றார்.

ஆனால் ஒன்று. ஹாஃப்-லைஃப் 2: எபிசோட் டூ பற்றிப் பேச்செடுத்தால் மனுஷன் ஆளே மாறிவிடுவார். ஆரம்பத்தில் கிடைக்கிற ஒரு குள்ளன் பொம்மையைக் கடைசிவரை சுமந்து வந்து ராக்கெட்டில் ஏற்றினால் பரிசு. கூரையில்லாத காரில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பொம்மை வெளியே பறக்கும். எதிரிகள் துரத்த, இறங்கி ஓடிப் பொறுக்க வேண்டும். அதை அவர் எழுந்து நின்று நடித்தே காட்டுவார். பர்சென்ட் என்ற சொல்லே வராது. பரிசு இல்லாவிட்டால் யார் அந்தப் பொம்மையைத் தொட்டிருப்பார்கள்? கிறுக்குத்தனத்துக்குக் கூப்பிடுகிற கோப்பை, ஆட்டத்துக்கு உப்பு. புறாவை எண்ணச் சொல்கிற கோப்பை, வீட்டுக்கு வந்த ஆபீஸ் வேலை.

இப்போது அவர் கையில் இருப்பது 2022-இல் வந்த ‘தி ஸ்டான்லி பேரபிள்: அல்ட்ரா டீலக்ஸ்’. அதில் ஒரு கோப்பைக்கு நிபந்தனை, பத்து வருஷம் அந்த கேமைத் தொடவே கூடாது. கேள்விப்பட்ட அம்மா, “இதைப் பண்ணினவன் நல்லா இருக்கணும்!” என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

அவர் கும்பிட்ட கையை இறக்குவதற்குள், மகன் இன்டர்நெட்டைத் துண்டித்து, செட்டிங்ஸுக்குள் போய், தேதியைப் பத்து வருஷம் தள்ளிவைத்துவிட்டார்.