‘சொல்ல மறந்துட்டேன்’: உயர்நிலைப் பள்ளி மாணவரின் கடைசி நேர அறிவிப்புகள் குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

பதின்ம வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் ‘இன்று சாயங்காலம்’ என்று உறுதியாக ஒன்று கிடையாது. இதை இவ்வாய்வின் முதற்கோளாகக் கொள்கிறோம். இதற்குச் சான்று காட்டப்போவதில்லை. பிள்ளை பெற்றவர்கள் சான்று கேட்க மாட்டார்கள். மற்றவர்கள் சான்று காட்டினாலும் நம்ப மாட்டார்கள்.

ஆய்வுக்களம் சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு நாலறை வீடு. அங்கிருந்து வடகிழக்கு ரயில் பாதை வழியே ஃபேரர் பார்க் வரை களம் நீள்கிறது. அங்கே இறங்கி நடந்தால் பியட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம். சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக இருந்து 1982-இல் மூடப்பட்ட பள்ளியின் பெயரைத் தாங்கி நிற்பது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத மாணவர்கள் இங்கே வந்துதான் தமிழ் படிக்கிறார்கள். ஆக, ஒரு பிள்ளைக்கு இரண்டு வகுப்பறை, இரண்டு கால அட்டவணை. பள்ளியின் அட்டவணையோ ஒற்றை வாரம், இரட்டை வாரம் என்று தனக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து கிடக்கும். இதன் மேல் சிசிஏ எனும் இணைப்பாட நடவடிக்கை, துணை வகுப்பு, சமூகத் தொண்டு. பெருக்கல் கணக்கை வாசகரிடமே விட்டுவிடுகிறோம்.

ஆய்வுக்குரியவர் உயர்நிலை இரண்டில் படிக்கிறார். அவர் பெயரை வெளியிட அவரது கையொப்பம் வேண்டும். அதற்கான படிவம் அவருடைய பையின் அடியில், போன மாதத்து வாழைப்பழத்துக்குக் கீழே இருப்பதாக நம்பத்தகுந்த தகவல்.

முன்னோர் அகத்திணைக்குப் பொழுது வகுத்ததே இந்தக் கடைசி நேர அறிவிப்புகளை மனத்தில் வைத்துத்தானோ என்று ஐயுற இடமிருக்கிறது. மருதத்துக்குச் சிறுபொழுது வைகறை, உரிப்பொருள் ஊடல். விடிவதற்கு முன், பல் துலக்கிய நுரையோடு, “அம்மா, இன்னிக்கு வெள்ளை டி-ஷர்ட் போட்டுட்டுப் போகணும், சொல்ல மறந்துட்டேன்” என்று வரும் அறிவிப்பு இவ்வகைப்பட்டது. அந்த நேரத்தில் வெள்ளை டி-ஷர்ட் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். ஊடல் தாமதமின்றி நிகழும். பழைய மருதத்தில் அதைத் தீர்க்கப் பாணன் தூது வருவான். இங்கே பாட்டி வருகிறார், கையில் இஸ்திரிப் பெட்டியோடு. ஈரச் சட்டையின் மேல் இஸ்திரி போட்டால் காய்ந்துவிடும் என்பது பாட்டியின் கொள்கை. பாதிதான் காயும் என்பது எங்கள் சோதனை முடிவு.

முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். இதற்கு உரையே தேவையில்லை. தமிழ் வகுப்புக்கு முன் பிள்ளை சாப்பிடட்டும் என்று பரோட்டாவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு, மழைக்குக் குடை விரித்து, ரயில் நிலைய வாசலில் அப்பா நிற்கிறார். தலைவன் வினைமுடித்துக் கார்காலத் தொடக்கத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போனான். இவன் ஐந்தரைக்கு என்று சொல்லிப் போனான். ஆறு மணி தாண்டியதும் கைத்தொலைபேசியில் செய்தி: “சிசிஏ முடிய லேட்டாகும். கிளாஸ் வேற நாளைக்கு மாத்திட்டேன். நீங்க போங்கப்பா.” எங்கே போவது என்பதில் உரையாசிரியர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. பரோட்டாவை அங்கேயே நின்று அப்பா சாப்பிட்டுவிடலாம் என்பது பெரும்பான்மைத் தரப்பு.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லியாக வேண்டும். ஏப்ரல், மே, நவம்பர் மாதங்களில் இத்தீவில் இடிமின்னல் மிகுதி. மின்னல் எச்சரிக்கை வந்தால் திடலில் இருப்பவர்கள் கூரைக்குள் ஓடிவர வேண்டும், காற்பந்துப் பயிற்சி அந்த நிமிடமே கலையும். அப்படி மாறும் திட்டங்கள் இவ்வாய்வில் சேரா. வானத்தின் மேல் வழக்குத் தொடுக்கும் நோக்கம் எமக்கில்லை.

மற்ற மூன்று திணைகளும் இவ்வளவு வளமானவை அல்ல. குறிஞ்சிக்குரிய யாமத்தில், எல்லாரும் படுத்த பிறகு, “நாளைக்கு அட்டைப்பெட்டி ரெண்டு எடுத்துட்டுப் போகணும்” என்ற குரல் அறைக்குள்ளிருந்து கேட்கும் என்பதை மட்டும் பதிவுசெய்துவிட்டு வரலாற்றுக்குச் செல்வோம்.

1981 டிசம்பர் 31 அன்று இரவு பதினொன்றரை மணிக்குச் சிங்கப்பூரின் கடிகார முட்கள் நள்ளிரவுக்கு நகர்த்தப்பட்டன. மலேசியா தன் இரு பகுதிகளின் நேரத்தையும் ஒன்றாக்கியது, சிங்கப்பூரும் உடன் சென்றது. ஒரு நாடே அரை மணி நேரத்தைக் கடைசி நேரத்தில் விட்டுக்கொடுத்தது. அதன் விளைவாக இன்றும் இங்கே சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எட்டிப் பார்க்கிறது. பள்ளியோ ஏழரைக்குத் தொடங்கிவிடுகிறது. பிள்ளைகள் இருட்டில் கிளம்புகிறார்கள், இருட்டில் கிளம்புவதால்தான் எதையாவது மறக்கிறார்கள், எனவே பொறுப்பு 1982-ஐச் சேரும் என்பது ஆய்வுக்குரியவரின் வாதம். இதை ஏற்க இயலவில்லை. ஆனால் வரலாற்றுப் பாடத்தில் அவர் கவனம் செலுத்துகிறார் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி.

அரசாங்க அறிவிப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். சார்ஸ் பரவியபோது 2003 மார்ச் 26 அன்று அறிவித்து மறுநாள் முதல் பள்ளிகளை மூடினார்கள். 2015 செப்டம்பர் 24, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. புகைமூட்டம் கடுமையாகவே, மறுநாள் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் இயங்கா என்று கல்வி அமைச்சு அன்றே சொல்லிவிட்டது. பெருந்தொற்றின்போது, 2020 ஏப்ரல் 3-இல் நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டு, ஏப்ரல் 8 முதல் வீட்டிலிருந்து படிப்பு. 2021-இல் மீண்டும் வீட்டிலிருந்து படிப்பு என்று மே 16 ஞாயிற்றுக்கிழமை சொன்னார்கள், 19-ஆம் தேதி தொடங்கியது. காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாத புகைக்கே ஓர் இரவு அவகாசம் கிடைத்தது. பெருந்தொற்றுக் கிருமிக்கு 2020-இல் ஐந்து நாள் கிடைத்தது. பல வாரங்களுக்கு முன்பே தேதி குறித்த முகாமுக்கு எங்கள் வீட்டில் கிடைப்பது கால் மணி நேரம்.

இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு இதுதான்: பெரும்பாலான நேரங்களில் திட்டம் மாறுவதே இல்லை. முதல் நாளிலிருந்து அது அப்படியேதான் இருக்கிறது. பெற்றோரை வந்து சேரும்போதுதான் அதற்கு மாற்றம் என்று பெயர் ஏற்படுகிறது.

நம்பாதவர்கள் இன நல்லிணக்க நாளை எண்ணிப் பார்க்கட்டும். 1964 ஜூலை 21-இல் இங்கே இனக்கலவரம் வெடித்தது. அதை மறக்கக் கூடாது என்பதற்காகப் பள்ளிகள் ஆண்டுதோறும் அந்நாளைக் கடைப்பிடிக்கின்றன, பிள்ளைகள் பாரம்பரிய உடையில் போகிறார்கள். நடந்து முடிந்த ஒரு கலவரத்தின் தேதி இனி மாற வாய்ப்பில்லை. வார இறுதியில் விழுந்தால் பள்ளிகள் அதை முன்பின் நகர்த்தும், அவ்வளவுதான். இருந்தும் முந்தின நாள் சாயங்காலம் தேக்கா நிலையத்தின் மாடித் துணிக்கடைகளில் நின்று பாருங்கள். வேலை முடிந்த கையோடு ஓடிவந்த பெற்றோர், தோளில் அளவு வைத்துப் பார்க்கப் பிள்ளை உடன் இல்லாமல், கடைக்காரரின் தோளில் ஜிப்பாவை வைத்துப் பார்ப்பார்கள். அப்போது தொலைபேசி ஒலிக்கும். “அப்பா, வெய் மிங்குக்கும் ஒண்ணு வேணுமாம். அவன் எக்ஸ்எல்.”

இந்த வாழ்க்கைமுறையை ஒரு காலத்தில் தாங்கிப் பிடித்தது சையது ஆல்வி சாலையின் முஸ்தஃபா பேரங்காடி. பெருந்தொற்றுக்கு முன்பு அது 24 மணி நேரமும் திறந்திருந்தது. அதிகாலை மூன்று மணிக்குக் காலுறை, ஒட்டுப்பசை, வண்ணத்தாள், வேட்டி எல்லாம் ஒரே கட்டடத்தில் கிடைத்தன. பிறகு இரவு முழுக்கத் திறந்திருக்கும் வழக்கம் நின்றது. பொருளியல் அறிந்தவர்கள் அதைச் சில்லறை வணிகச் செய்தியாகப் படித்தார்கள். உயர்நிலை மாணவரின் பெற்றோர் வேறு மாதிரி படித்தார்கள்.

பேரண்ட்ஸ் கேட்வே செயலி 2019 முதல் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. ஒப்புதல் படிவத்தை அது நேரே பெற்றோரிடம் கொண்டுவந்து விடுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் நாடகக் குழு கறுப்புக் காற்சட்டையிலிருந்து நீலத்துக்கு மாறியதும், சந்திக்கும் இடம் பேருந்து நிறுத்தத்திலிருந்து பேரங்காடிக்கு மாறியதும் அமைச்சுக்கே தெரியாது. அந்த முடிவுகள் இருபது மாணவர்களின் குழு அரட்டையில் எடுக்கப்படுகின்றன. அங்கே பெற்றோருக்கு அனுமதி கிடையாது.

ஆய்வுக்குரியவரின் மறுப்புரையையும் சேர்ப்பது ஆய்வு அறம். “ஈப்போலேருந்து பெரியப்பா வர்றாங்க, சாயங்காலம் வீட்ல இருன்னு நீங்க எப்பச் சொன்னீங்க? அன்னிக்கு மத்தியானம். அவங்க டிக்கெட் எடுத்து ஒரு மாசம் ஆச்சு.” இந்த வாதத்துக்கு நூலகங்களில் தேடியும் மறுப்புக் கிடைக்கவில்லை. பெரியவர்களின் திட்டங்களும் இதே விதிப்படிதான் பிள்ளைகளைச் சென்றடைகின்றன என்று தரவுகள் காட்டுகின்றன. இது தனி ஆய்வுக்குரியது. அதைப் பிள்ளைகள் எழுதட்டும்.

தீர்வுகளில் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டிய நாட்காட்டி பயன் தரவில்லை. மூன்றாவது வாரத்தில் அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டிருந்தார்கள். வீட்டில் அட்டைப்பெட்டிகளை எறியாமல் வைத்திருப்பது ஓரளவு உதவுகிறது. வெள்ளை டி-ஷர்ட் இரண்டு இருந்தால் பாட்டிக்கு ஓய்வு. இவற்றையெல்லாம் செய்ய முடியாத பெற்றோர் ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள்: ஜூலை 21-க்கான ஜிப்பாவை ஜூன் விடுமுறையிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். எக்ஸ்எல் அளவில் இன்னொன்றும் சேர்த்து.