மேற்படியார்: சொத்து வரியில் குடியிருக்கும் ஒருவரைப் பற்றிய ஆய்வு

சென்னையில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குடித்தனக்காரர் இருக்கிறார். அவருக்குச் சாவி கிடையாது, அட்வான்ஸ் கிடையாது, மோட்டார் போடுவதில் தகராறும் கிடையாது. மாதம் பிறந்தால் வாடகை கொடுக்கிறார். அதையும் காகிதத்தில் மட்டும்தான் கொடுக்கிறார். அந்த வாடகையை வைத்துத்தான் நம் சொத்து வரியைக் கணக்கிட்டார்கள். இவ்வளவு முக்கியமான ஒருவர் புலவர் பெருமக்கள் கண்ணில் படாமல் போன குறையை இக்கட்டுரை தீர்க்க முயல்கிறது. ஆய்வு வசதி கருதி அவரை இனி 'மேற்படியார்' என்றே குறிப்போம்.

மேற்படியாரின் காலம் யாது எனின், முதலில் நகரசபையின் காலத்தைப் பார்க்க வேண்டும். சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29-ல் தொடங்கியது. அதற்கு முன்பே கோட்டையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வீட்டு வரி கேட்டுப் பார்த்தார்கள். ஊரார் மசியவில்லை. ஊராரையும் சேர்த்து ஒரு சபை அமைத்து, அதன் வாயால் கேட்டால் மனமுவந்து கொடுப்பார்கள் என்று லண்டனில் இருந்த கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டு கணக்குப் போட்டார். நகரசபை இருப்பதால் வரி வந்தது என்பது பாமரர் கொள்கை. வரி வேண்டியிருந்ததால் நகரசபை வந்தது என்பது வரலாற்றுக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கம். மனமுவத்தல் எப்போது நிகழ்ந்தது என்பது வேறோர் ஆய்வாளருக்கு உரிய பொருள்.

மேற்படியார் இருப்பதற்குத் தெளிவான சான்று 1919-ஆம் ஆண்டின் மாநகராட்சிச் சட்டத்தில் 100-ஆம் பிரிவு. ஒரு கட்டடத்தை மாதக் கணக்கிலோ வருஷக் கணக்கிலோ விட்டால் நியாயமாக என்ன வாடகை எதிர்பார்க்கலாமோ, அதில் கட்டடத்தின் பங்கிலிருந்து பழுதுபார்ப்புக்குப் பத்து சதவீதம் கழித்தால் வருவது ஆண்டு மதிப்பு என்கிறது அது. கவனிக்க: வாடகை வர வேண்டியதில்லை, எதிர்பார்த்தால் போதும். எதிர்பார்ப்பதும் வீட்டுக்காரர் அல்ல, மாநகராட்சி. இந்தச் சட்டம் 2023 ஏப்ரலில் ஓய்வு பெற்றது. 1998-லேயே இயற்றப்பட்டு இருபத்தைந்து ஆண்டுகள் காத்திருந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் அந்த இடத்துக்கு வந்தது. ஆனால் மேற்படியார் பெயரில் போட்ட கணக்கு அழியவில்லை. பின்னால் வந்த உயர்வெல்லாம் அதன் தலைமேல்தான் ஏறியது.

அவர் கொடுத்த வாடகை எவ்வளவு? இங்கே ஆய்வாளருக்கே பொறாமை எழுகிறது. 1998-ல் சென்னையில் குடியிருப்புகளுக்குத் தெருவாரியாக விதித்த அடிப்படை மதிப்பு, மாதத்துக்குச் சதுர அடிக்கு 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை. 2 ரூபாய்த் தெருவில் 1,000 சதுர அடி வீடு என்று வையுங்கள். வெளிச்சுவரின் கனமும் இந்த அளவில் சேரும். நம் ஊரில் சுவரும் குடியிருக்கும். மாத வாடகை 2,000 ரூபாய். அந்தத் தெருவில் இன்று இந்தத் தொகைக்கு ஒரு புரோக்கரிடம் வீடு கேட்டால் அவர் நம்மைப் பரிவோடு பார்ப்பார்.

இனி நுட்பம். வீட்டுக்காரர் தானே குடியிருந்தால் இந்த வாடகையில் 25 சதவீதம் தள்ளுபடி. இதனால் மேற்படியார் வேறு யாருமல்ல, வீட்டுக்காரரே என்பது பெறப்படுகிறது. தனக்குத் தானே வீட்டை விட்டு, முகத்தாட்சண்யத்தால் கால்வாசியைக் குறைத்துக்கொண்டு, 1,500 ரூபாய்க்குக் குடியிருக்கிறார். கட்டடத்துக்கு வயதாகியிருந்தால் அதற்கும் ஒரு கழிவு உண்டு. ஆளுக்கு வயதாவதற்குக் கிடையாது.

மாத வாடகையை 12-ஆல் பெருக்கினால் ஆண்டு வாடகை வரும் என்று நினைப்பது தொடக்கப்பள்ளிக் கணக்கு. மாநகராட்சி 10.92-ஆல் பெருக்கியது. அஃதென்னை எனின், பன்னிரண்டில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 1.2, மனையின் பங்கு. மிச்சம் 10.8 கட்டடத்துடையது. கட்டடம் பழுதாகும், எனவே அதில் பத்து சதவீதம் கழிக்க 9.72. மனை பழுதாகாது, அதன் 1.2-ஐ அப்படியே கூட்டினால் 10.92. மண் நிலையானது, மனிதன் கட்டியது அழியும் என்ற நிலையாமைத் தத்துவத்தை இரண்டு தசம இடத்துக்குத் துல்லியமாகச் சொன்ன நூல் தமிழில் வேறில்லை.

நம் 1,500 இப்போது 16,380 ஆகிறது. ஆண்டு மதிப்பு 5,000-க்கு மேல் போனால் அரையாண்டு வரி அதில் 12.4 சதவீதம். இங்கே 2,031 ரூபாய் சொச்சம்.

இதற்கு நேர் எதிரான கோட்பாடும் ஒன்று உண்டு, வருமான வரித் துறையினுடையது. நாம் குடியிருக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பு, இரண்டு வீடு வரைக்கும், பூஜ்யம் என்கிறார்கள் அவர்கள். ஒரே வீடு, ஒரே கூடம், ஒரே ஒழுகும் குளியலறை. ஒருவருக்கு அது 16,380, மற்றவருக்குச் சூனியம். வீட்டை நிஜமாகவே வாடகைக்கு விட்டால் இரண்டு கோட்பாடுகளும் இடம் மாறுகின்றன. மாநகராட்சி 25 சதவீதத் தள்ளுபடியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். வருமான வரிக்காரரோ, அந்த ஆண்டில் நாம் உண்மையில் கட்டிய சொத்து வரியை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லுவார். கட்ட வேண்டியதை அல்ல, கட்டியதை. கணக்குத் தாக்கல் செய்வோர் பலர் இந்த இடத்தைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்.

உயர்வு வரலாற்றைச் சுருக்குவோம். 2018-ல் உயர்த்தினார்கள், 2019-ல் திரும்பப் பெற்றார்கள். 2022-ல் மறுபடி உயர்த்தியபோது, சென்னையின் பழைய எல்லைக்குள் 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 என்று படிகட்டினார்கள். 1,800 சதுர அடிக்காரரும் 1,801 சதுர அடிக்காரரும் ஒரே மாடியில் எதிரெதிரே இருந்தால் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது அகத்திணையில் சேர்க்க வேண்டிய துறை. ஆகவே ரசீதில் உள்ள பரப்பைப் பத்திரத்தோடு ஒரு தரம் ஒப்பிட்டுப் பாருங்கள். தவறிருந்தால் மண்டல அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், மேல்முறையீட்டுக்கும் வழி உண்டு. பில் கலெக்டரிடம் வாசலில் வைத்துப் புலம்புவது மேல்முறையீடு ஆகாது.

பாட பேதங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரசீதில் பழைய கதவு எண், பத்திரத்தில் புதிய கதவு எண், மின் கட்டண அட்டையில் இரண்டும் கலந்த மூன்றாவது பாடம் என்று ஏடுகள் வேறுபடும். பெயரோ பல வீடுகளில் காலமான தாத்தாவுடையது. அவரும் தவறாமல் வரி கட்டிக்கொண்டிருப்பார். வீட்டை விற்கப் போகும் நாளில்தான் குடும்பம் பதிப்பாசிரியர் வேலைக்கு இறங்குகிறது. வாங்கிய கையோடு, அல்லது வாரிசுச் சான்றிதழ் கிடைத்த கையோடு, பெயர் மாற்றம் செய்துவிடுவது உத்தமம். வரி ரசீது கையில் இருந்தாலே வீடு நம்முடையது என்று பங்காளிகள் வாதாடுவது உண்டு. ரசீது பணம் கட்டியதற்குச் சான்றே தவிர உரிமைக்குச் சான்றல்ல என்பதில் நீதிமன்றங்களுக்குச் சந்தேகம் இல்லை.

காலம் தவறாமையின் பயன்: அரையாண்டின் முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். சேமிப்புக் கணக்கில் அதே பணம் ஆறு மாதம் கிடந்தாலும் இவ்வளவு தராது.

கடைசியாக, அந்த 12.4-ஐப் பிரித்துப் பார்த்தோர் சிலரே. பொது வரி 9, கல்வி வரி 2.5, மீதி 0.9 நூலக வரி; பொது வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. நூலக வரிக்கு மூலம் 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். சீர்காழிக்காரரான நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதனின் முயற்சியால் வந்தது. நம் உதாரண வீட்டுக்காரர், 2022-க்கு முந்தைய கணக்கிலேயே, அரையாண்டுக்கு 147 ரூபாய் நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். அவர் தெருவில் கிளை நூலகம் எங்கே என்று கேட்டால் மளிகைக் கடையைக் காட்டுவார். வாசகர்களே, அடுத்த முறை வரி கட்டிய ரசீதோடு அப்படியே நூலகம் வரை நடந்து, உறுப்பினர் அட்டைக்கு எழுதிக் கொடுங்கள். புத்தகத்துக்குப் பணம் ஏற்கெனவே கட்டியாயிற்று.