ஏழாவது கேள்வி

உடற்பயிற்சிக்கு முன் உடம்பிடம் அனுமதி வாங்கக் கனடாக்காரர்கள் 1970களில் ‘பார்-க்யூ’ என்றொரு கேள்வித்தாள் போட்டார்கள். ஏழே கேள்விகள், ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் டாக்டரைப் பார்க்கச் சொன்னது. பின்னாளில் திருத்திய தாள் இதயம், தலைச்சுற்றல், மூட்டு எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், ‘பயிற்சி கூடாதென்பதற்கு வேறு காரணம் உண்டா?’ என்றது.

விடிகாலை ஐந்தரைக்கு நம்மவரிடம் கேட்கிற கேள்வியா இது? மார்கழிப் பனி, ராத்திரி தின்ற புரோட்டா, ஊருக்கு வரும் மச்சினன் என்று மனசு அடிஷனல் ஷீட் வாங்கி எழுதும்.

நெஞ்சுவலிக் கேள்விக்கு மட்டும் ‘இல்லை’ என்று ஒரே வார்த்தை. லேசாக இருக்கிறதாமே? “அது வாயு சார்.” ஒரு பன்னீர் சோடா உள்ளே போகும். ஏப்பம் வந்துவிட்டால் டாக்டரே சொன்ன மாதிரி. டிரெட்மில்லில் ஏறி வேகத்தைக் கூட்டுவார்.