சிங்கப்பூர்க் கடிதம்: பகற்குறி, இரவுக்குறி, செக்-இன்

சிங்கப்பூரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணவனும் மனைவியும் ஒரு சின்னப் பெட்டியை இழுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டிக் கிளம்புவதும், ஞாயிறு இரவு திரும்பி வருவதும் யாரும் தலை திருப்பிப் பார்க்காத காட்சி. படகேறிப் பாத்தாம் தீவுக்குப் போகிறவர்கள் உண்டு. பஸ் ஏறி மலாக்காவுக்குப் போகிறவர்கள் உண்டு. எங்குமே போகாமல், குடியிருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியிலிருந்து நாலு எம்.ஆர்.டி. ரயில் நிலையம் தள்ளி ஒரு ஹோட்டலில் இரண்டு ராத்திரி இருந்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. இதற்கு ஸ்டேகேஷன் என்று பெயர். கொரோனாவில் எல்லைகள் மூடிக் கிடந்தபோது, 2020 டிசம்பரில், 18 வயது நிறைந்த குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 100 வெள்ளிப் பற்றுச்சீட்டு கொடுத்து, உள்ளூர் ஹோட்டலிலும் சுற்றுலாவிலும் செலவழித்துக்கொள்ளும்படி அரசாங்கமே சொன்னது. சொந்த வீடு இருக்கும் ஊரில் ஹோட்டலில் தங்க அரசு மானியம் என்று மயிலாப்பூர்ப் பெரியவர் யாரிடமாவது சொன்னால், வீட்டில் ஏதாவது தகராறா என்றுதான் முதலில் விசாரிப்பார்.

இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்ட தம்பதிகளுக்கு அடுத்து வரும் ஆசை, அதைச் சென்னையில் செய்து பார்ப்பது. விமானத்தில் நாலு மணி நேரம்தான். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் திருப்பி வைப்பதால், ஒன்றரை மணி நேரத்தில் வந்து இறங்கிவிட்டது போல ஒரு லாபக் கணக்கும் சேரும். சிக்கல் அதற்குப் பிறகு. மற்ற ஊர்களில் ஜோடியாகத் தங்க இடம் தேடுகிறவர்கள் வாடகை என்ன, போக்குவரத்து எப்படி, ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும் என்று பார்க்கிறார்கள். சென்னையில் இந்த மூன்றும் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் பார்க்க வேண்டியது, அங்கிருந்து பெரியப்பா வீடு எவ்வளவு தூரம் என்பது. வீடு இருக்கும்போது ரூம் போட்டுத் தங்குவதை உறவினர்கள் தங்கள் மேல் போட்ட வழக்காகவே எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டுச் சாப்பாடு, பாத்ரூம், இருபது வருஷத்துக்கு முன் யாரோ ஒரு கல்யாணத்தில் சொன்ன ஒரு வார்த்தை என்று அந்த வழக்கில் எல்லாம் விசாரணைக்கு வரும்.

அகப்பொருள் இலக்கணம் இந்த நிலைமையை எப்போதோ வகுத்து வைத்திருக்கிறது. காதலர் சந்திக்கும் இடத்துக்குத் தொல்காப்பியத்தில் குறி என்று பெயர். பகலில் சந்திக்கும் பகற்குறி வீட்டெல்லைக்குப் புறத்தே அமையும். இரவுக்குறியோ வீட்டெல்லைக்குள்ளேயே, வீட்டார் பேசுவது காதில் விழும் தூரத்தில் அமைய வேண்டும். தி. நகரில் பெரியப்பா வீட்டு ஹாலை ஒட்டிய அறையில் ஒரு முறை தங்கியவர்களுக்கு இந்தச் சூத்திரத்துக்கு உரையே வேண்டாம். மறைவில் காதலிக்கும் களவு முந்தியது, மணந்து வாழும் கற்பு பிந்தியது என்பது நூல் வழக்கு. வெளிநாட்டிலிருந்து வரும் சென்னைத் தம்பதிகளுக்கு வரிசை மாறிவிடும். தாலி கட்டிப் பத்து வருஷம் கழித்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைச் சிங்கப்பூரில் மாமியாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்த பிறகு களவொழுக்கம் ஆரம்பமாகிறது. ஊர்ப்பேச்சாகிய அலரைத் தூற்றுவதற்குக் குடும்ப வாட்ஸ்அப் குழு தயாராக இருக்கிறது.

தங்குமிடங்களின் எண்ணிக்கையில் தி. நகருக்குக் குறைவில்லை. 1920களில் லாங் டேங்க் என்ற பெரிய ஏரியை வற்றவைத்து எழுப்பிய குடியிருப்பு இது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது. தண்ணீர் இருந்த இடத்தில் இப்போது ஜனம். ஜி.என். செட்டி சாலையிலும் தியாகராய சாலையிலும் பெரிய ஹோட்டல்கள் இருக்கின்றன. உள்தெருக்களில் லாட்ஜும் சர்வீஸ் அபார்ட்மென்ட்டும் தாராளம். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் திறந்த பிறகு, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கவும் வழி பிறந்திருக்கிறது. அதற்கு முன் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். மாம்பலம் ஸ்டேஷனையும் பஸ் நிலையத்தையும் இணைத்து 2023இல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை, ரங்கநாதன் தெரு நெரிசலில் மாட்டாமல் தப்பிக்க உதவும்.

கூட்டத்தில் மறைந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தில் தி. நகரைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் உண்டு. அந்தக் கூட்டம் யாரால் ஆனது என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. கல்யாணப் பட்டு எடுக்கத் தமிழ்நாட்டின் எந்த மூலையிலிருந்து கிளம்பினாலும் நல்லி, குமரன், போத்தீஸ், ஆர்எம்கேவி என்று இங்கேதான் வந்து சேர வேண்டும். சென்னை உறவினர்களுக்குப் பயந்து வந்த இடத்தில் திருநெல்வேலி உறவினர்களிடம் அகப்பட்டுக்கொள்வது இப்படித்தான். இன்னொரு இடைஞ்சல், சிங்கப்பூரிலிருந்து நண்பர்கள் கொடுத்தனுப்பும் பட்டியல். தைக்கக் கொடுக்க அளவு ஜாக்கெட், கொலுசுக்குத் திருகாணி, இன்ன கடையில் மட்டும் கிடைக்கும் பருப்புப்பொடி என்று அது நீளும். சனிக்கிழமை ராத்திரி அறைக்குத் திரும்பினால், கட்டில் முழுக்கக் கட்டைப்பைகள் படுத்திருக்கும். தம்பதிகள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். தவிர, கோடம்பாக்கம் பக்கத்தில் இருப்பதால், இந்த வட்டார லாட்ஜுகளில் ரூம் போட்டு யோசிக்கிறவர்கள் நிஜமாகவே உண்டு. நள்ளிரவில் அடுத்த அறையிலிருந்து உருக்கமான காதல் வசனம் கேட்டால் பொறாமைப்பட வேண்டாம். நாலு உதவி இயக்குநர்கள் கதை விவாதத்தில் இருக்கிறார்கள்.

மயிலாப்பூரின் பலம் அதன் காலைப் பொழுது. கபாலீசுவரர் கோயில் மாட வீதிகளில் பூக்கடைகள் விரியும் நேரம், ராயர் மெஸ்ஸின் இட்லி, கற்பகாம்பாள் மெஸ்ஸின் காபி, மாலையில் குளக்கரைக் காற்று என்று எல்லாம் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும். ராதாகிருஷ்ணன் சாலையில் சவேராவும், உட்லண்ட்ஸ் கிருஷ்ண ராவ் தொடங்கிய நியூ உட்லண்ட்ஸும் பல தலைமுறைகளாகத் தெரிந்த பெயர்கள். பிரயாணிக்கு இதைவிட நல்ல பேட்டை கிடையாது. ஒளிந்துகொள்ள வந்தவருக்கு இதைவிட மோசமான பேட்டையும் கிடையாது. காரணம், மயிலாப்பூர் ஆட்களை அடையாள அட்டையை வைத்துப் பார்ப்பதில்லை. மூக்கை வைத்துப் பார்க்கும். நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை ஆறு மணிக்கு ஒரு ஜோடி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். வாக்கிங் போகும் மாமி முதல் சுற்றில் ஒரு பார்வை பார்ப்பார். இரண்டாவது சுற்றில் நடை தளரும். மூன்றாவது சுற்றில் நின்றே விடுவார். “நீ பத்மா பொண்ணுதானே? அச்சு அசல் உங்க பாட்டி மூக்கு. எப்ப வந்தே? எங்க தங்கியிருக்கே?” கடைசிக் கேள்விக்குத் தயாரான பதில் இல்லாதவர்கள் மயிலாப்பூரில் தங்கக் கூடாது.

இதில் பருவமும் பார்க்க வேண்டும். டிசம்பர் சங்கீத சீசனில், 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி முதல் சின்னச் சின்ன சபாக்கள் வரை கச்சேரிகள் நடக்கும் மாதத்தில், இந்த வட்டாரத்தில் அறை கிடைப்பதே சிரமம். கிடைத்தாலும் சபா கேன்டீன் வரிசையில் டொராண்டோ அத்தையும் நங்கநல்லூர் சித்தியும் அடுத்தடுத்து நின்றுகொண்டிருப்பார்கள். பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று மாட வீதியில் கார் நுழையவே முடியாது. முகூர்த்த நாள் நிறைந்த தை, வைகாசி மாதங்களில் ஹோட்டல்களைக் கல்யாண வீட்டார் மொத்தமாக எடுத்துவிடுவார்கள். கல்யாணம் இல்லாததால் அறைகள் சுலபமாகக் கிடைப்பது ஆடியில். புதுமணத் தம்பதிகளைப் பிரித்து வைக்க முன்னோர் தேர்ந்தெடுத்த அதே மாதம், பழைய தம்பதிகள் சேர்ந்து தங்கத் தோதாக இருக்கிறது. ஆடித் தள்ளுபடி நடக்கும் தி. நகரை மட்டும் அப்போது விட்டுவிட வேண்டும்.

அடையாற்றில் மரம் அதிகம், ஹோட்டல் குறைவு. 1882 முதல் பிரம்மஞான சபையின் தலைமையகம் ஆற்றங்கரையில் பெரிய தோப்பாகவே இருக்கிறது. காந்தி நகர், இந்திரா நகர், பெசன்ட் நகர் தெருக்களில் கிடைப்பவை பெரும்பாலும் சர்வீஸ் அபார்ட்மென்ட்டுகளும் வீட்டு மாடியில் வாடகைக்கு விடும் அறைகளும்தான். கடலோரமாக, கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்க நினைப்பவர்களுக்கு, கழிமுகத்துக்கு வடக்கே எம்.ஆர்.சி. நகரில் 2013இல் திறந்த லீலா பேலஸ் இருக்கிறது. முந்தைய தலைமுறை ரிசப்ஷன் வைத்த அடையார் கேட் ஹோட்டலைத் தேடி வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். பல பெயர் மாறி, கிரவுன் பிளாசாவாக இருந்த அது 2023 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. பெயரில் அடையாறு இருந்தாலும் அது நின்றது ஆழ்வார்பேட்டைப் பக்கம்.

உறவினர் கணக்கில் அடையாறு தனி ரகம். இங்கே இருப்பவர்கள் ஓய்வுபெற்றவர்கள். பிள்ளைகள் நியூ ஜெர்சியிலோ மெல்பர்னிலோ இருப்பார்கள். மத்தியானம் தூங்குவார்கள்; இருட்டினால் வெளியே வர மாட்டார்கள். ஆனால் மாட்டிக்கொண்டால் மயிலாப்பூர் மாமி போல இரண்டு கேள்வியோடு விட மாட்டார்கள். யாராவது வர மாட்டார்களா என்று பால்கனியில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். காபி, டிபன், பேரனின் வீடியோ, மறுபடி காபி என்று ஒரு முழுச் சாயங்காலம் போய்விடும். எழுந்து வரவும் மனசு வராது. அவர்கள் கண்ணில் படாமல் இருக்கப் பெசன்ட் நகர் கடற்கரையே உத்தமம். 1930இல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவு மண்டபத்துக்கு அக்கம்பக்கத்தில், மணலில் ஜோடி ஜோடியாக எல்லோரும் கடலைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார்கள். சாலையில் போகிறவர்களுக்குத் தெரிவது முதுகு மட்டும். முதுகில் பாட்டி ஜாடை இருப்பதில்லை.

யார் பேட்டையும் அல்லாத நடுநிலப் பகுதி அண்ணா சாலையும் நுங்கம்பாக்கமும். சொந்தக்காரர்கள் இங்கே வேலைக்கு வருவார்கள், குடியிருப்பவர் குறைவு. விமான நிலையத்தில் ஏறினால் மெட்ரோ நேராகத் தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி. என்று கொண்டுவந்து இறக்கிவிடும். கன்னிமாரா, தாஜ் கோரமண்டல் போன்ற பழம்பெரும் ஹோட்டல்கள் இந்த வட்டாரத்தில்தான். எஸ்.எஸ். வாசன் 1948இல் ‘சந்திரலேகா’வை வெளியிட்ட ஜெமினி ஸ்டூடியோ இருந்த நிலத்தில் இப்போது தி பார்க் ஹோட்டல் நிற்கிறது. காருக்குள்ளேயே தட்டு வரவழைத்து ஜோடிகள் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 1962 முதல் 2008 வரை நடந்த இடம் செம்மொழிப் பூங்காவாகிவிட்டது. வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. மொத்தத்தில், இரவுக்குறிக்கு அண்ணா சாலை, பகற்குறிக்கு மயிலாப்பூர், சாயங்காலத்துக்குப் பெசன்ட் நகர், தி. நகருக்குக் கடைசி நாள் இரண்டு மணி நேரம் என்று பிரித்துக்கொள்வது சேதம் குறைவான ஏற்பாடு.

எங்கே தங்கினாலும் வரவேற்பு மேஜையைத் தாண்டியாக வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கினால், 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவு அதிகாரிகளுக்கு ஹோட்டல் தகவல் கொடுக்க வேண்டும். சி படிவம் என்று பழகிப்போன நடைமுறை இது. ஆக, இந்திய அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடும். பெரியப்பாவுக்கு மட்டும் தெரியாது. அடுத்தது பெயர்ச் சிக்கல். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கணவன் பாஸ்போர்ட்டில் அவன் அப்பா பெயர், மனைவி பாஸ்போர்ட்டில் அவள் அப்பா பெயர். பத்து வருஷத் தாம்பத்தியத்துக்குக் காகிதத்தில் ஒரு எழுத்து சாட்சி இல்லை. மேஜைக்குப் பின்னால் நிற்பவரின் கண் இரண்டு பாஸ்போர்ட்டையும் பார்த்துவிட்டு, கீழே மெட்டியைப் பார்த்துவிட்டு, பிறகு சாவியை எடுக்கும். கல்யாணமே ஆகாதவர்களும் சட்டப்படி அஞ்ச வேண்டியதில்லை. கோயம்புத்தூர்த் தங்குவிடுதி ஒன்றுக்குச் சீல் வைத்த வழக்கில், மணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொல்லிவிட்டது. ஆனாலும் அறை தருவதும் மறுப்பதும் விடுதிக்காரர் கையில். 2025 ஜனவரியில் மீரட்டில் தொடங்கி, மணமாகாத ஜோடிகளை மறுக்கும் உரிமையைத் தன் கூட்டாளி விடுதிகளுக்கு ஓயோ விடுதி நிறுவனம் கொடுத்தது. முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுவிடுவது நல்லது.

நேரக் கணக்கும் விடுதிக்கு விடுதி மாறும். பெரிய ஹோட்டல்களில் மத்தியானம் இரண்டு மணி செக்-இன், மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் காலி பண்ண வேண்டும். லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு. வெள்ளி இரவு பதினொரு மணிக்கு நுழைந்தால் ஞாயிறு இரவு பதினொரு மணி வரை அறை கையில் இருக்கும். ராத்திரி விமானத்தில் திரும்புகிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

கடைசிக் கட்டம், ஞாயிறு மாலை பெரியப்பா வீட்டுக்குப் போய் அப்போதுதான் வந்து இறங்கியது போலத் தலைகாட்டுவது. போகாமலே திரும்பினால் விஷயம் என்றைக்காவது வெளியே வந்து, இரண்டு மடங்கு வினையாகும். புறப்படுமுன் பெட்டியின் கைப்பிடியில் விமானக் கம்பெனி சுற்றிய நாடாவைக் கிழித்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமைத் தேதி அதில் கொட்டை எழுத்தில் இருக்கும். கட்டைப்பைகளைப் பெட்டிக்குள் திணித்துவிட வேண்டும். தலையில் இருக்கும் மயிலாப்பூர் மல்லிகையை ஆட்டோவிலேயே எடுத்துவிட வேண்டும். பெரியம்மா இலை போட்டதும், விமானத்தில் சாப்பிட்டாயிற்று என்று சொல்லி நழுவப் பார்க்கக் கூடாது. மலிவு விமானத்தில் காசு கொடுக்காமல் தண்ணீர்கூடத் தர மாட்டார்கள் என்பது பெரியம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.