சனி, ஞாயிறு தெப்ராவிலேயே!

கேள்வி: வார இறுதி வந்தால் சிங்கப்பூர், மலாக்கா என்று எல்லோரும் கிளம்புகிறார்கள். வீட்டுப் பக்கத்திலேயே இருக்கும் என்னைச் சோம்பேறி என்கிறார்களே?
– வாசகர், தெப்ராவ்

பதில்: அவர்கள் பாலத்தில் நிற்கட்டும், நீங்கள் வீட்டில் காலை நீட்டி உட்காருங்கள்! சிங்கப்பூருக்குப் போகும் ஜொகூர் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். சனிக்கிழமை நெரிசலில் அவர்கள் அதைக் கடப்பதற்குள் நீங்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

2014 முதல் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறையாக இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு ஞாயிறு லீவு. அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. 2025 ஜனவரி 1-இல்தான் சனி, ஞாயிறு திரும்பி வந்தது. வராது வந்த மாமணி! அதை நெடுஞ்சாலையில் தொலைப்பானேன்? குடும்பத்தோடு மாமாக் கடையில் உட்கார்ந்து, சுடச்சுட ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்புக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுங்கள். தே தாரேக்கின் நுரை அடங்கும்வரை பேசுங்கள்.

சாயங்காலம் ஜாலான் தெப்ராவ் பக்கமுள்ள ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குப் போய் வாருங்கள். சுவர், தூண், கூரை எங்கும் லட்சக்கணக்கான கண்ணாடித் துண்டுகள். ஒரு விளக்கு ஏற்றினால் ஓராயிரம் விளக்கு தெரியும். அதைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். உங்களுக்குச் செருப்பை மாட்டினால் போதும்!