பார்க்காமல் ரசிக்கும் கலை

தம்பிமாரே, தங்கச்சிமாரே, ஓ.எல். சித்திரப் பரீட்சைக்குப் போகிறீர்களா? நான் சொல்வதைக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போங்கள். வினாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் செய்துவிடாதீர்கள். 'இவ்வோவியத்தை ரசித்து எழுதுக' என்று இருக்கும். நீங்களும் அப்பாவித்தனமாக ஓவியத்தைப் பார்க்கத் தொடங்குவீர்கள். அங்கேதான் விழுந்தீர்கள். எந்தக் காலம், எந்த அரசன், எந்த ஊடகம், கோடு எப்படி, வர்ணம் எப்படி என்று கைநூலில் வரிசையாக அச்சடித்து வைத்திருக்கிறார்கள் அல்லவா? அந்த வரிசையில் ரசிக்க வேண்டும். தப்பித்தவறி உங்களுக்கே சொந்தமாக ஏதாவது தோன்றிவிட்டால், அதை லயத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

நானுஓயாவைச் சுற்றியுள்ள எடின்பரோ, கிளாசோ, டெஸ்போட், ரதல்ல தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சித்திரத்தின் மேல் ஏன் இவ்வளவு காதல் என்று கொழும்பில் யாராவது கேட்டால் சொல்லுங்கள். சங்கீதம் எடுக்கலாம் என்றால் சங்கீத டீச்சர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு எப்போதோ கீழே இறங்கிவிட்டார். பரதம் எடுக்கலாம் என்றால் அதற்கு ஆளே வந்ததில்லை. மிஞ்சுவது சித்திரம். சித்திரத்துக்கு ஆசிரியர் உண்டா என்று கேட்பது நாகரிகமில்லை. வரலாறு படிப்பிக்கும் சேருடைய கையெழுத்து அழகாக இருக்கும்; போதாதா?

பயிற்சி எல்லாம் கடந்தகால வினாத்தாளில். அசல் இல்லை, ஃபோட்டோக் கொப்பி எடுத்த ஃபோட்டோக் கொப்பி. 2022 மார்ச்சில் மேல் மாகாணத்திலேயே கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையைத் தள்ளிப்போட்ட நாடு இது. தோட்டப் பாடசாலைக்கு இந்தக் கறுப்புத் தாளாவது கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டும். அதில் ஒரு ஓவியம், அல்லது மை கொட்டிய இடம். கீழே வினா: இங்கு கையாளப்பட்டுள்ள வர்ணங்களைப் பற்றி எழுதுக. ஒரு பிள்ளை கண்ணைக் கூர்மையாக்கிப் பார்த்து, 'கறுப்பும் சாம்பலும்' என்று எழுதுகிறது. வகுப்பிலேயே ஓவியத்தைப் பார்த்து விடை எழுதிய ஒரே பிள்ளை அதுதான். பூச்சியம்.

சீகிரியாவுக்கு வருவோம். அது இல்லாமல் இந்தப் பாடம் ஏது? ஐந்தாம் நூற்றாண்டு, காசியப்ப மன்னன், மேகத்துக்கு மேலே இடுப்பு வரைக்கும் தெரியும் பெண்கள், கையில் பூ. அந்தப் பெண்கள் யார் என்பதைப் பார்த்துச் சொல்லக் கூடாது, தங்கச்சி. ஆனந்த குமாரசுவாமி அப்சரஸ் என்றார். தொல்பொருள் ஆணையாளராக இருந்த பெல் துரை, பிதுரங்கல விகாரைக்குப் பூசைக்குப் போகும் அரண்மனைப் பெண்கள் என்றார். தொல்லியல் அறிஞர் பரணவிதான, மேகக் கன்னியரும் மின்னல் கன்னியரும் என்றார். எந்தக் கருத்து எந்தப் பெரிய மனிதருடையது என்று சொல்வதற்குப் பெயர் ரசனை. மலையில் நின்றுகொண்டிருக்கும் பெண்களைப் பற்றிக் கீழே நிற்கும் ஆண்கள் கருத்துச் சொல்லும் வழக்கம் நம்மூருக்குப் புதிதில்லை என்பதால் நீங்கள் இதை லேசாகப் பாடமாக்கிவிடலாம்.

இதில் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிற இடம் ஒன்று உண்டு. அதே சீகிரியாவில், ஓவியங்களுக்குக் கீழே பளிங்குபோல் மினுக்கிய சுவர் இருக்கிறது. கண்ணாடிச் சுவர் என்பார்கள். எட்டாம், ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் மலையேறி வந்தவர்கள் அந்தப் பெண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, தோன்றியதை அதில் கீறி வைத்துவிட்டுப் போனார்கள். பிக்கு எழுதினார், சிப்பாய் எழுதினார், பெண்களும் எழுதினார்கள். ஆசைப்பட்டவர்கள் ஆசையை எழுதினார்கள், எரிச்சல்பட்டவர்கள் எரிச்சலை எழுதினார்கள். பரணவிதான அவற்றில் 685 பாடல்களைப் படித்தெடுத்து 1956இல் நூலாக்கினார். இந்தத் தீவில் ஓவியத்தைப் பார்த்து எழுதப்பட்ட மிகப் பழைய ரசனை விடைகள் அவை. இன்றைய புள்ளியிடும் திட்டத்தைக் கையில் கொடுத்துத் திருத்தச் சொன்னால் அத்தனை பேரும் ஃபெயில். ஊடகத்தைக் குறிப்பிடவில்லை, காலத்தைக் குறிப்பிடவில்லை, வர்ணத்தை ஒழுங்காக விபரிக்கவில்லை. ஆயிரம் வருடத்துக்கு முந்திய கிறுக்கல் நமக்கு மரபுரிமை. 2015இல் மட்டக்களப்புப் பக்கத்து இளம்பெண் ஒருத்தி அதே சுவரில் தன் பெயரைக் கீறியதற்கு இரண்டு வருடச் சிறை விதித்தார்கள். பிறகு ஜனாதிபதி மன்னிப்புக் கிடைத்து வெளியே வந்தாள். சுவரைக் கீறுவது சரியென்று நான் சொல்லவரவில்லை. பார்த்ததைச் சொல்ல நினைப்பவர் எந்த நூற்றாண்டில் பிறக்க வேண்டும் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், இது வினாத்தாளில் வராது.

ஒன்றைச் சொல்லாவிட்டால் பாவம். பொருட்கூட்டம் வரையும் தாள் யோக்கியமான தாள். சட்டியும் காயும் துணியும் கண் முன்னே இருக்கும். பார், வரை என்பார்கள். சொன்னதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு வர்ணம் வேண்டும். ரூபா விழுந்த பிறகு ஒரு பெட்டி பெஸ்டல் வாங்குவதற்கு அம்மா எத்தனை கிலோ கொழுந்து கூடப் பறிக்க வேண்டும் என்ற கணக்கு கணிதத் தாளிலும் வராது. வகுப்புக்கு இரண்டு பெட்டி, அதில் பச்சைதான் முதலில் தீரும்.

பச்சை ஏன் தீருகிறது? தேயிலைத் தோட்டம் வரையத்தான். சித்திரப் போட்டியா, கண்காட்சியா, எங்கே பார்த்தாலும் இந்தத் தலைப்பு சுற்றிச் சுற்றி வரும். காலியில் இருக்கும் பிள்ளைக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் விடை தெரியும்: மூன்று மலை, நடுவில் சூரியன், பச்சை வரிசை, பொட்டு வைத்த பெண், முதுகில் கூடை, முகத்தில் சிரிப்பு. தேயிலைப் பெட்டியின் மேல் இருக்கும் அதே சிரிப்பு. 1885இல் நானுஓயாவுக்கு ரயில் வந்தது. இன்றைக்கும் நுவரெலியாவுக்குப் போகிற வெள்ளைக்காரர்கள் இந்த ஸ்டேஷனில் இறங்கி, வழியில் வானை நிறுத்தி, கொழுந்துக்காரியைக் கொஞ்சம் திரும்பச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் படத்துக்குத்தான் மார்க்ஸ்.

நம்மூர்ப் பிள்ளை தலைப்பை நம்பி, தனக்குத் தெரிந்த தோட்டத்தை வரைகிறது என்று வையுங்கள். சூரியன் இல்லை, மிஸ்ட். தலைக்கு மேல் பொலித்தீன், இடுப்பில் படங்கு, காலில் அட்டை, பக்கத்து மரத்தில் குளவிக் கூடு. குளவி கொட்டி இத்தனை தொழிலாளர்கள் ஆஸ்பத்திரியில் என்று பேப்பரில் அடிக்கடி மூலையில் வருமே, அந்தக் கூடு. அம்மா சிரிக்கவில்லை. நிறுவைக்கு நேரமாகிவிட்டது. திருத்துகிறவர் என்ன எழுதுவார்? கருப்பொருள் தெளிவில்லை, வர்ணம் மங்கல், அழகியல் போதாது.

கொழுந்து நிறை குறைந்தால் தாய்க்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போடுவார்கள். கூடை நிறையக் கொண்டுவந்தாலும் முற்றின இலை என்றும் தண்ணி என்றும் கழிப்பார்கள். கண்ணால் கண்டதை நிறையக் கொண்டுவரும் மகளுக்கும் அதே கழிவு, அதே அரைப் பேர். தாயாவது தராசு முள்ளைக் கண்ணால் பார்த்துக் கணக்கப்பிள்ளையோடு சண்டை பிடிக்கலாம். மகளின் தராசு பெலவத்தையில், பரீட்சைத் திணைக்களத்துக்குள் இருக்கிறது.

"எங்க அம்மா சிரிக்காட்டி மார்க்ஸ் குறைப்பாங்களா?" என்று நீ கேட்டால், குறைப்பார்கள் தங்கச்சி. சிரிக்க வை. அட்டையை அழி, பொலித்தீனைக் கழற்று, சூரியனைக் கொண்டுவந்து இரண்டு மலைக்கு நடுவில் நட்டுவை. சுட்டெண்ணைச் சரியாக எழுது. எங்களுக்கு உன் சித்தி வேண்டும், அதை வாங்கிக்கொண்டு வா. மற்றப் படத்தை மட்டும் அவர்களிடம் கொடுத்துவிடாதே. அதைத் திருத்துகிற அளவுக்கு அங்கே யாரும் இன்னும் படிக்கவில்லை.